பதிவு செய்த எண்ணிலிருந்து அழைக்கவும்

செப்டம்பர் 3, செவ்வாய்

காலை ஆறேமுக்காலுக்கு மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குள் என் செல்போன் விழுந்தது. விழுந்தது என்று எழுதுகிறேனே தவிர, தண்ணீர் எவ்வளவு கிடக்கிறது என்று குனிந்து பார்த்தவனும் நான்தான், சட்டைப்பையில் அதை வைத்திருந்தவனும் நான்தான். கீழேயிருந்து கோமதி, மோட்டார் போடணுமா என்று கேட்டாள். போன் முங்கிப் போச்சு என்றேன். "அப்ப தண்ணி கெடக்கு" என்றாள். இருபத்தொன்பது வருசக் குடித்தனத்தில் நான் இவளைப் பேச்சில் ஜெயித்ததே கிடையாது.

மேற்படி செல்போனை வெளியே எடுத்து, துடைத்து, அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்தேன். சாயங்காலம் எடுத்துப் பார்த்தபோது அரிசிதான் ஈரமாகியிருந்தது.

வாங்கி நாலு மாதம். வாங்கும்போதே பாதுகாப்புத் திட்டம் என்று ஒன்றைத் தலையில் கட்டினார்கள். தண்ணீரில் விழுந்தாலும் மாற்றிக் கொடுப்போம் என்று அட்டையில் எழுதியிருக்கிறது. எழுத்தில் இருப்பதை நம்புகிறவன் நான். முப்பத்தொரு வருசமாகத் தென்காசி சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே உட்கார்ந்து ஊராருக்குப் பத்திரம் எழுதிக் கொடுக்கிறவன் எழுத்தை நம்பாமல் வேறு எதை நம்புவது?

செப்டம்பர் 4, புதன்

திருநெல்வேலி சர்வீஸ் சென்டர். பத்து மணிக்கு டோக்கன் 47. ஒரு மணிக்கு டோக்கன் 31. நடுவில் சாப்பாட்டு இடைவேளை. உட்கார இடமில்லை. சுவர் விளம்பரத்தில் ஒரு பெண் போனைக் காதில் வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். நாலு மணி நேரம் அவள் முகத்தையே பார்த்தேன்.

என் முறை வந்ததும் கவுன்ட்டரில் இருந்த பெண், போனை மாற்றித் தருவார்கள், ஆனால் உள்ளே இருப்பதெல்லாம் போய்விடும் என்றாள். போட்டோ, நம்பர், வந்த அழைப்புகள், எல்லாம். பரவாயில்லை என்றேன். பிறகு, வந்த அழைப்புகளை மட்டும் எடுக்க முடியுமா என்று கேட்டேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். கட்சிக்காரர்கள் நம்பர் அதில்தான் இருக்கிறது என்று விளக்கினேன். முடியாது என்றாள்.

சிம் கார்டு உள்ளே இறுகிக்கொண்டது. ஊசியால் நெம்பினாள், பிறகு இடுக்கியால் இழுத்தாள். பாதி வந்தது. அந்தப் பாதியைச் சின்னப் பிளாஸ்டிக் உறையில் போட்டு மரியாதையாக என் கையில் கொடுத்தாள்.

செப்டம்பர் 5, வியாழன்

சர்வீஸ் சென்டரில் கேட்டால், புதுப் போனுக்கு விண்ணப்பம் போட வேண்டுமாம். போட்டால் ஓடிபி வருமாம். எந்த நம்பருக்கு வரும் என்று கேட்டேன். என் நம்பருக்குத்தான். அந்த நம்பர் இருந்த போனைத்தானே உங்களிடம் கொடுத்திருக்கிறேன் என்றேன். "ஆமா சார், அதுக்குத்தான் ஓடிபி" என்றான் அந்த முனையில் பேசியவன். கோபமே இல்லாத குரல். அதற்குத்தான் எனக்குக் கோபம் வந்தது.

சரி, சிம் கம்பெனியிடம் கேட்போம் என்று கோமதி போனிலிருந்து வாடிக்கையாளர் சேவைக்குப் பேசினேன். தமிழுக்கு ஒன்று. சிம் தொலைந்திருந்தால் நாலு. பதினேழு நிமிடம் நாதஸ்வரம் மாதிரி ஒரு சங்கீதம். உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது என்று ஐந்து தடவை. கடைசியில் ஒரு பெண் குரல்: இந்தச் சேவைக்கு, பதிவு செய்த எண்ணிலிருந்து அழைக்கவும். வைத்துவிட்டாள்.

பதிவு செய்த எண் செத்துப் போனதைச் சொல்லத்தானே அம்மா கூப்பிட்டேன்.

பேசி முடித்துக் கொடுப்பதற்குள் கோமதி போனைப் பறித்துக்கொண்டாள். திரையில் 'லேப்' என்று ஒரு அழைப்பு வந்துகொண்டிருந்தது. அவளுக்கு ரத்தப் பரிசோதனை லேபிலிருந்து தினமும் போன் வருகிறது. சர்க்கரை அவ்வளவு கூடிவிட்டதா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. அவள் அடுக்களைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பேசினாள்.

செப்டம்பர் 6, வெள்ளி

ஒரு பாகப்பிரிவினை, இரண்டு ரத்துப் பத்திரம். மூன்று கட்சிக்காரர்களும், போன் அடித்தோம் எடுக்கவில்லை என்று குறைப்பட்டார்கள். பலகையில் போட்டிருக்கிற நம்பர் அது. ரப்பர் ஸ்டாம்பிலும் அதுதான். அதற்காகத்தான் இவ்வளவு அலைச்சல். வேறு நம்பர் வாங்கிக்கொள்ளலாமே என்கிறார்கள், எட்டு வருசம் ஊருக்கெல்லாம் பழகின நம்பரை எப்படி விடுவது.

வெள்ளிக்கிழமை தோறும் பதினொன்றேகாலுக்கு எனக்கு ஒரு ராங் கால் வரும். இரண்டு வருசமாக வருகிறது. ஒரே ஒரு ரிங். நான் எடுப்பதில்லை. அது என் டீ நேரம் என்று தெரிந்த யாரோ. அந்த நம்பரை நான் எழுதி வைத்துக்கொண்டதும் இல்லை. ராங் காலை எதற்கு எழுதி வைக்க வேண்டும்?

இன்று டீ குடிக்கும்போது பை லேசாக இருந்தது.

செப்டம்பர் 7, சனி

பிள்ளையார் சதுர்த்தி. அலுவலகம் இல்லை. கொழுக்கட்டை எண்ணிக்கை இந்த வருசமும் நாலு பேருக்கு. நாம் இரண்டு பேர்தானே என்றேன். பழக்கம் என்றாள்.

செப்டம்பர் 9, திங்கள்

பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் சிம் கம்பெனி ஷோரூம். பெனாசிர் என்று பெயர் போட்ட அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டிருந்த பெண். நல்ல பெண்தான், அதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். உடைந்த சிம்மைக் காட்டினேன், ஆதார் கார்டைக் கொடுத்தேன். நம்பரைத் தட்டினாள். திரும்ப என் கார்டைப் பார்த்தாள்.

"சார், இது உங்க பேர்ல இல்லியே."

முப்பத்தொரு வருசமாக மற்றவர்களிடம் நான் சொல்லி வந்த வாக்கியம். மூலப்பத்திரம் யார் பெயரில் இருக்கிறது, வாரிசு யார், வில்லங்கம் உண்டா என்று ஊராரைக் குடைந்து எடுத்தவன், தன் சட்டைப்பையில் இருந்த சொத்துக்கு வில்லங்கம் பார்க்கவில்லை. பிறகு யார் பெயரில் இருக்கிறது என்று கேட்டேன். கேட்கும்போதே ஞாபகம் வந்துவிட்டது.

"வே. உலகம்மாள்."

அந்தப் பெயரை என் காதில் யாராவது உரக்கச் சொல்லி இரண்டு வருசம் இருக்கும்.

எட்டு வருசத்துக்கு முன்னால், மதுரையில் காலேஜ் வாசலில் குடை போட்டு சிம் விற்றார்கள். மேற்படியாள் அப்போது முதல் வருசம். தன் ஆதாரைக் கொடுத்து இரண்டு சிம் வாங்கி, ஒன்றை என்னிடம் கொடுத்தாள். அப்பா, இது நல்ல பேன்சி நம்பர், நீங்க வச்சுக்கோங்க என்றாள். கடைசியில் மூன்று ஏழு. நானும் வைத்துக்கொண்டேன். யார் பெயரில் என்று யோசிக்கவே இல்லை. மகள் பெயர் என்ன, என் பெயர் என்ன என்று அப்போது ஒரு நினைப்பு.

அவங்க யாரு சார் என்று பெனாசிர் கேட்டாள். தெரிந்தவங்க என்றேன். "அப்ப அவங்களக் கூட்டிட்டு வாங்க சார். நேர்ல வரணும். போட்டோ எடுப்போம், விரல் வைக்கணும். வேற ஆளு வச்சா ஏத்துக்காது."

கடிதம் வாங்கி வந்தால் போதாதா என்றேன். போதாது. அதிகாரப் பத்திரம்? அப்படி ஒன்றை அவள் கேள்விப்பட்டதே இல்லை. மேனேஜரைக் கேட்டாள், மேனேஜர் திருநெல்வேலியைக் கேட்டார், திருநெல்வேலி கம்ப்யூட்டரைக் கேட்டது. முடியாது. ரொம்ப நாள் அப்படியே போட்டுவைத்தால் நம்பரை எடுத்து வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள் என்றும் சொன்னாள்.

வேறு யாருக்காவது. எவனோ ஒருத்தன் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது அவன் பையில் அடிக்கும்.

செப்டம்பர் 10, செவ்வாய்

சிம் கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு இரண்டு பக்கம் மனு எழுதினேன். எட்டு வருசமாக இடையூறின்றி, தொடர்ச்சியாக, ஊரறிய என் அனுபவத்தில் இருந்துவரும் எண் என்று. நல்ல மனு. நிலமாக இருந்தால் ஜெயித்திருப்பேன்.

மத்தியானம் பண்பொழியிலிருந்து ஒருவர் வந்தார். அண்ணன் தம்பி இருவர் பெயரில் வீடு, தம்பியோடு பேச்சுவார்த்தை இல்லை, அவன் வராமல் ஏதாவது வழி உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். "அவருதான் வரணும். ரேகை வைக்கணும். நீங்க போய்க் கூப்பிடணும், வேற வழி கெடையாது" என்று கண்டிப்பாகச் சொன்னேன். எப்படிக் கூப்பிடுதது என்றார். அது உங்க பாடு என்றேன்.

அவர் போன பிறகு ரொம்ப நேரம் ஒரு வேலையும் ஓடவில்லை.

செப்டம்பர் 11, புதன்

இதை எழுதுவதா வேண்டாமா என்று யோசித்தேன். எழுதுகிறேன்.

எனக்கு எட்டடி தள்ளி உட்கார்ந்து பத்திரம் எழுதுகிறவர் ஆவுடையப்பன். இரண்டு வருசமாக நான் அவரோடு பேசுவதில்லை. மேற்படியாள் தன்னோடு வேலை பார்க்கிற ஜெபசிங் என்ற பையனைக் கட்டிக்கொள்ள முடிவு செய்தபோது, நான் கூடாது என்றேன். அவள் வேறு எந்த ஊரிலாவது போய்ப் பதிவு செய்திருக்கலாம். இங்கே வந்தாள். என் கண் முன்னால். கல்யாண நோட்டீஸ் முப்பது நாள் அலுவலகப் பலகையில் ஒட்டியிருந்தது, முப்பது நாளும் நான் அந்தப் பக்கம் தலையைத் திருப்பவில்லை. படிவத்தை எழுதிக் கொடுத்தவர் ஆவுடையப்பன். கல்யாணத்தன்று அவர் மேஜை முன்னால் அவள் நின்றாள். நான் ஒரு கிரயப் பத்திரத்தை எழுதிக்கொண்டிருந்தேன். நிமிரவில்லை. ஊரைக் கூட்டி என்னை அவமானப்படுத்த வந்தாள் என்றுதான் இதுநாள் வரை நினைத்திருக்கிறேன்.

இன்று ஆவுடையப்பன் தானாகவே என் மேஜைக்கு வந்து, போன் இல்லையாமே, அவசரத்துக்கு என் போனை வச்சுக்கிடும் என்றார். வேண்டாம் என்றேன். போகாமல் நின்றார். பிறகு சொன்னார்.

"மூணு சாட்சி வேணும்வே. ரெண்டு பேருதான் கூட வந்தாங்க. மூணாவது எடத்த எழுதாண்டாம், அப்பா வருவாங்கன்னு அந்தப் பிள்ள சொல்லிட்டு. ஒரு மணி நேரம் உம்மையே பாத்துக்கிட்டு நின்னுச்சு. சார்பதிவாளர் ரெண்டு மட்டம் கூப்பிட்ட பொறவு நான்தான் கையெழுத்துப் போட்டேன். அத இன்னைக்கு வரைக்கும் உம்மகிட்ட சொல்ல வழியில்லாமப் போச்சு."

நான் அந்த ஒரு மணி நேரத்தில் எழுதிய கிரயப் பத்திரத்தில் நாலு பிழை இருந்தது, மறுபடி எழுத வேண்டி வந்தது. அது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

செப்டம்பர் 12, வியாழன்

மனுவுக்குப் பதில் கோமதியின் போனுக்கு வந்தது. தங்கள் புகார் வெற்றிகரமாகத் தீர்க்கப்பட்டது. எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?

செப்டம்பர் 13, வெள்ளி

பதினொன்றேகால். டீ சொல்லவில்லை.

சாயங்காலம் கோமதி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் பேசினாள். போன வெள்ளியும் இந்த வெள்ளியும் அப்பா போன் ஏன் அணைந்து கிடக்கிறது என்று அவள் கேட்டாளாம். எவள் என்று நான் கேட்கவில்லை. கோமதியும் சொல்லவில்லை. லேபில் வேலை பார்க்கிற பெண்ணை 'லேப்' என்று பதிந்துவைத்தால் எனக்குத் தெரியாது என்று இவள் எப்படி நினைத்தாள், அல்லது எனக்குத் தெரியும் என்று தெரிந்தேதான் வைத்தாளா.

"தொட்டில விழுந்துட்டுன்னு சொன்னேன். அப்பாவான்னு பதறிட்டா. போன்தாம்ட்டின்னேன். அப்புறமும் அழுகைய நிறுத்தல்ல. நீங்க ஒரு வார்த்த சொன்னா வந்துட்டுப் போவா."

நான் எதற்குச் சொல்ல வேண்டும், சிம் கார்டுதானே என்றேன். ஆமா, சிம் கார்டுதான் என்று சொல்லிவிட்டுக் கீரையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மேற்படியாள் மதுரை ஹாஸ்டலுக்குப் போன முதல் தடவை, பஸ் ஏற்றிவிடும்போது நான்தான் சொன்னேன். போய்ச் சேர்ந்ததும் ஒரு ரிங் விடு, நான் எடுக்க மாட்டேன், வந்தால் நீ பத்திரமாக இருக்கிறாய் என்று தெரிந்துகொள்வேன். அந்த நாளிலிருந்து ஒரு தடவை தவறியதில்லை. வீட்டை விட்டுப் போனபிறகும் வெள்ளிக்கிழமை தோறும் தவறவில்லை.

ராங் கால் என்று இந்த நோட்டில் இதுவரை நான் எழுதியதையெல்லாம் அடிக்கலாம் என்று பேனாவை எடுத்தேன். பத்திரத்தில் அடித்தல் திருத்தல் இருந்தால் ஓரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

செப்டம்பர் 14, சனி

வாயால் சொல்ல வரவில்லை. எனக்குத் தெரிந்த முறையில் எழுதினேன். நகல்:

'மதுரை உலகம்மாள் அவர்களுக்குத் தென்காசி வேலாயுதம் தெரிவிப்பது. தங்கள் பெயரில் பதிவாகி என் அனுபவத்தில் இருந்துவரும் சிம் கார்டு சேதமாகிவிட்டபடியால், பதிவு உடைமையாளராகிய தாங்கள் நேரில் ஆஜராகி விரல் ரேகை வைத்துக் கொடுக்க வேண்டியது. இந்த அறிவிப்பு பிறர் தூண்டுதல் இல்லாமல், நல்ல நினைவோடு, என் முழுச் சம்மதத்தில் எழுதியது.'

அரிசிப் பானை மூடிமேல் வைத்துவிட்டு அலுவலகம் போய்விட்டேன். மத்தியானம் சாப்பிட வந்தபோது தாள் அங்கே இல்லை. கோமதி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். போட்டோ எடுத்து அனுப்பிவிட்டாளாம்.

செப்டம்பர் 15, ஞாயிறு

பதில் வந்தது. கோமதி போனை என் முன்னால் வைத்துவிட்டுப் போய்விட்டாள். அதையும் நகல் எடுத்துக்கொள்கிறேன்:

'தங்கள் அறிவிப்பு கிடைக்கப்பெற்றேன். வருகிற புதன்கிழமை காலை பத்து மணிக்கு நேரில் ஆஜராகிறேன். உடன் என் கணவர் ஜெபசிங் வருவதில் தங்களுக்கு ஆட்சேபணை ஏதும் இருந்தால் தெரிவிக்க வேண்டியது.'

திமிர் குறையவில்லை. வாசகத்தில் ஒரு பிழைகூட இல்லை.

செப்டம்பர் 16, திங்கள்

ஆட்சேபணை இல்லை.

இந்த இரண்டு வார்த்தைக்கு முக்கால் நாள் ஆயிற்று.

செப்டம்பர் 18, புதன்

ஒன்பதரைக்கே ஷோரூம் வாசலில் போய் நின்றேன். திறக்கவில்லை. பத்து மணிக்குக் கோமதியோடு அவள் வந்தாள். இளைத்திருக்கிறாள். கண்ணாடி போட்டிருக்கிறாள், அது எனக்குத் தெரியாது. வந்தேன்பா என்றாள். சரி என்றேன். ஆதார் கார்டு இருக்கா என்று கேட்டேன். இரண்டு வருசம் கழித்து மகளிடம் பேசிய முதல் பேச்சு அது.

அந்தப் பையன் எதிரே வேப்பமரத்தடியில் நின்றுகொண்டான். வரலாமா கூடாதா என்று அவனுக்குப் புரியவில்லை. எனக்கும்தான்.

உள்ளே டோக்கன், போட்டோ, கையெழுத்து. எல்லாம் முடிந்து விரல் வைக்கும் கருவி வந்தது. வைத்தாள். ஏற்கவில்லை. வேறு விரல். ஏற்கவில்லை. சர்வர் பிரச்சினையாக இருக்கும் என்று அரை மணி நேரம் உட்கார வைத்தார்கள். மறுபடி வைத்தாள். மறுபடியும் சிவப்பு விளக்கு. நாள் முழுக்க லேபில் மருந்துத் தண்ணீரில் கைகழுவிக் கழுவி ரேகை மங்கிப் போயிருக்கிறது. "இன்னொரு தடவ ஏத்துக்கலன்னா லாக் ஆயிரும் சார். அப்புறம் நாளைக்குத்தான் பாக்கணும்" என்றாள் பெனாசிர். மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நாளைக்கு லீவு இல்லப்பா என்றாள். அவளுக்குக் குரல் உடைந்துவிட்டது. இத்தனை தூரம் வந்து கடைசியில் ஒரு விளக்கு பச்சையாகாததற்கு அழுகிறாளே என்று நாற்காலியை விட்டு எழுந்தேன்.

முப்பத்தொரு வருசம் ஊரார் கட்டைவிரலைப் பிடித்து உருட்டியவன் நான். பீடி சுற்றின விரல், களை பறித்த விரல், சுண்ணாம்பில் வெந்த விரல், எல்லாவற்றிலும் ரேகை எடுத்திருக்கிறேன். இங்கே கொண்டா என்றேன். அவள் கையை நீட்டினாள். வலது கட்டைவிரலை வேட்டி முனையால் நன்றாகத் துடைத்தேன். அவள் நெற்றியிலேயே அந்த விரலை ஒரு தடவை தேய்த்தேன், அந்த எண்ணெய்ப் பிசுக்கு போதும். பிறகு விரலைப் பிடித்தபடியே கண்ணாடிமேல் வைத்து, என் விரலால் மேலே லேசாக அழுத்தினேன். அசையாத, மூச்சு விடாத என்றேன்.

பச்சை.

நான் கையை உடனே எடுக்கவில்லை. அவளும் எடுக்கவில்லை.

எடுக்கலாம் சார், வந்துட்டு என்று பெனாசிர்தான் சொன்னாள். அப்புறம் கீபோர்டில் கை வைத்தபடி கேட்டாள்: "ரெண்டு பேரும் இங்கதான இருக்கீங்க, இப்பமே உங்க பேருக்கு மாத்திருவோமா சார்? இல்லன்னா அடுத்த தடவையும் இவங்கதான் நேர்ல வரணும்."

"வேண்டாம்மா. அவ பேர்லயே இருக்கட்டும்."

கோமதி மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. நான் வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்றவனிடம், வாங்க, வெயில்ல எதுக்கு நிக்கிய, டீ குடிப்போம் என்றேன். மணி பதினொன்றேகால். எங்கள் டீக்கடைக்கு ஆவுடையப்பனையும் கூப்பிட்டேன். அவர் டீயை ஊதி ஊதிக் குடித்தார். இந்த மனிதரிடம் நான் எப்போதாவது மன்னிப்புக் கேட்க வேண்டும். இன்று பன் வாங்கிக் கொடுத்தேன்.

மூன்று மணி பஸ்ஸுக்கு அவர்களை ஏற்றிவிட்டோம். நம்பர் உயிர் பெற இருபத்துநாலு மணி நேரமாவது ஆகுமாம். அதனால் போய்ச் சேர்ந்த தகவல் அம்மா போனுக்குத்தான் வந்தது.

செப்டம்பர் 19, வியாழன்

ஓடிபி வந்தது. கோமதியின் போனில் சிம்மைப் போட்டு வாங்கினேன். திருநெல்வேலி போய்ப் புதுப் போனைக் கையோடு வாங்கி வந்துவிட்டேன். சுவரில் அந்தப் பெண் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறாள். எங்கள் சேவை எப்படி என்று கேட்டார்கள். ஐந்து நட்சத்திரம் கொடுத்தேன். கோமதிக்கு ஆச்சரியம்.

செப்டம்பர் 20, வெள்ளி

பதினோரு மணிக்கே டீயை வாங்கி வைத்துக்கொண்டேன். புதுப் போனை மேஜைமேல், பத்திரத் தாள்களுக்கு நடுவில் வைத்தேன். எழுதிக்கொண்டிருந்த பத்திரத்தின் கட்சிக்காரரிடம், கொஞ்சம் பொறுங்க, ஒரு முக்கியமான போன் வரும் என்றேன். இரண்டு வருசத்தில் முதல் தடவையாக அதை அப்படிச் சொன்னேன்.

பதினொன்றேகாலுக்கு அடித்தது. ஒரே ரிங்கில் நின்றுவிடும் என்று தெரியும், பாய்ந்து எடுத்தேன். இந்தப் போனில் எந்தப் பக்கம் தள்ள வேண்டும் என்று தெரியாமல் துண்டித்துவிட்டேன். ஆவுடையப்பன் எட்டிப் பார்த்தார். திரும்ப எப்படிக் கூப்பிடுவது என்று தடவிக்கொண்டிருக்கும்போதே மறுபடியும் அடித்தது. இந்தத் தடவை சரியான பக்கம் தள்ளினேன்.

"என்னப்பா, கட் பண்ணிட்டிய? மிஸ்டு கால்தான் குடுத்தேன்" என்றாள்.

தெரியும், எடுக்கத்தான் பார்த்தேன் என்றேன். அப்புறம், சாப்பிட்டியா என்று கேட்டேன். காலைச் சாப்பாட்டுக்கும் மத்தியானச் சாப்பாட்டுக்கும் நடுவில் அது என்ன கேள்வி என்று அவள் சிரித்தாள். பதினாறு நிமிடம் பேசினோம். டீ ஆறிப்போய்விட்டது.